தொட்டிக்குக் கீழே பம்பு

மிஷாரி தாளில் வரைந்தே கொண்டுவந்தான்.
பம்பு, பிராசசர், ரேடியேட்டர்,
கிராபிக்ஸ் கார்டு, இன்னொரு ரேடியேட்டர், தொட்டி.
அம்புக்குறிகள் சிவப்பில் போய் நீலத்தில் திரும்பின.
"ஒரு சூட்டுக்குப் பின்னால் ஒரு குளிர்,
இல்லாவிட்டால் இதன் காய்ச்சல் அதற்கு ஒட்டும்"
என்று அரபியும் இங்கிலீஷும் கலந்து சொன்னான்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.
ஆனால் அந்தப் படத்தின்படி
குழாய் நான்கு முறை பெட்டியைக் குறுக்கே வெட்டும்.
பன்னிரண்டு வளைவு.
பன்னிரண்டு இடத்தில் சூட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு
அக்ரிலிக்கை நான் கெஞ்ச வேண்டும்.

ஹவல்லியில் ஜூலை மாதம்.
கடைக்குள் இருபத்து நான்கு.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொன்பது.

கிட்டக் கிட்ட இருப்பதை அடுத்தடுத்துக் கோப்போம் என்றேன்.
ஒரு லிட்டர் தண்ணீர்
பதினைந்து செகண்டில் சுற்றி வந்துவிடுகிறது.
எங்கே சுட்டது எங்கே ஆறியது என்று
அதற்கே நினைவிருக்காது.

அவன் நம்பவில்லை.
நானும் லேசில் நம்பியவன் இல்லை.

எங்கள் அறையில் ஆறு பேர், ஒரு குளியலறை.
கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
அதன் வயிற்றில் ஆறிக் கிடப்பதில் குளிப்போம்.
இங்கே சுடுதண்ணிக் குழாயில்தான் பச்சைத்தண்ணி,
பச்சைத்தண்ணிக் குழாய் கையைச் சுடும்.
ஐம்பது லிட்டர்.
முதல் ஆளுக்கு உண்டு, இரண்டாம் ஆளுக்கு உண்டு,
மூன்றாம் ஆள் சோப்பு போட்டு நிற்கையில்
மாடி இறங்கி வந்துவிடும்.
நஜுமுதீன் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறான்.
அதன் மேல் செலஸ்டினின் பேனாக் கிறுக்கல்,
அதன் மேல் தவசியின் கெட்ட வார்த்தை.

அப்படி ஓர் அறையிலிருந்து வருகிறவனிடம்
வரிசை முக்கியமில்லை என்றால்?
ரொம்ப நாள் யோசித்துப் பிடிபட்டது இது:
எங்கள் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.
இது திரும்பி வருகிறது.
போன சூடெல்லாம் கூடவே திரும்புகிறது,
எல்லோர் சூடும் எல்லோர்க்கும்.

ரப்பர் குழாயில் தற்காலிகமாகக் கோத்தேன்.
இரண்டு சென்சார்.
அரை மணி நேரம் அலற விட்டோம்.
கார்டுக்கு முன்னால் முப்பத்தாறு புள்ளி இரண்டு,
பின்னால் முப்பத்தேழு புள்ளி ஆறு.
பிறகு அவன் வரிசைக்கு மாற்றினேன், இன்னொரு அரை மணி.
பிராசசர் ஒரு டிகிரி இறங்கியது. கார்டு அசையவில்லை.
ரோமெல் தட்டுத் துணியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு
"இதற்கா?" என்றான்.

"அப்போ வரிசை என்று ஒன்று இல்லவே இல்லையா?"

ஒன்றே ஒன்று இருக்கிறது, மிஷாரி.
தொட்டி மேலே, அதை ஒட்டிக் கீழே பம்பு.
பம்பின் வாய்க்குத் தண்ணீர் தானாக விழ வேண்டும்.
மற்றவை எப்படியும் போகட்டும்.
போன மாதம் ஒன்பது செகண்ட்
காற்றைக் குடிக்க விட்டேன் ஒரு பம்பை.
மணலை மெல்லும் சத்தம்.
சம்பளத்தில் இருபத்தெட்டு தினார் போயிற்று.
அந்த ஒன்பது செகண்டை இன்னும் எண்ணுகிறேன்.

தாளைத் திரும்பவும் விரித்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"இருந்தாலும் இப்படியே வை,
பார்க்க அழகாக இருக்கும்."

பன்னிரண்டு வளைவுக்கும் பில் போட்டேன்.
மூன்றாவது ஒடிந்தது, ஏழாவது கோணியது.
ராத்திரி பத்தரைக்கு
பெட்டியை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து
குமிழிகளை ஒவ்வொன்றாக மேலே அனுப்பினோம்.
ஒன்று மட்டும் ரேடியேட்டர் மூலையில் உட்கார்ந்துகொண்டது.
நாளைக்குத் தானே வரும் என்றேன்.

அறைக்குப் போனபோது என் முறை நான்காவது.
குழாயைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான்.
பக்கெட்டைப் பிடித்து
ஏசிக்கு நேர் கீழே வைத்துவிட்டு
தவசியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
அறையைவிடக் குளிராது எந்தத் தண்ணீரும்.
அறை அளவுக்கு வந்தால் போதும்.